செயற்கைக்கோள் படம் மூலம் காய்கறிப் பயிரைக் கண்காணிப்பது எப்படி? டெல்டா விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சை மாவட்டத்தில் பலரது கவனம் உளுந்து, பாசிப்பயறு பக்கம் திரும்பிவிடும். கொள்ளிடம், காவிரிப் படுகையில் நிலம் வைத்திருப்பவர்களும், வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் போர்வெல் வைத்திருப்பவர்களும் கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், புடலை என்று காய்கறிச் சாகுபடியில் இறங்குவார்கள். நெல்லில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டாலும் ஓரளவு சமாளித்துவிடலாம். காய்கறியில் அது நடக்காது. ஒரு மூலையில் தொடங்கும் வாட்டமோ மஞ்சளோ பத்து நாளில் பாதி வயலுக்குப் பரவிவிடும்.

இந்தக் கவலையைச் சொல்லித்தான், 'வீட்டிலிருந்தே செல்போனில் வயலைப் பார்க்கலாம்' என்று பல செயலிகளும் நிறுவனங்களும் இன்று விவசாயிகளைத் தேடி வருகின்றன. இதில் எவ்வளவு உண்மை? செயற்கைக்கோள் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது? பணம் கட்டாமல் நீங்களே பார்க்க முடியுமா? டெல்டாவில் எந்த மாதத்தில் அது கைகொடுக்கும்? இவற்றுக்கான பதில்களை இங்கே பார்க்கலாம்.

முதலிலேயே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயலில் எந்த இடத்தில் கோளாறு என்பதைப் படம் சொல்லும். என்ன கோளாறு என்பதைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க நீங்கள்தான் வயலில் இறங்க வேண்டும். படத்தில் மஞ்சள் தெரிகிறது என்று வீட்டிலிருந்தே மருந்தும் உரமும் முடிவு செய்தால், கைக்காசும் போகும், பயிரும் போகும்.

தென்னையில் தொடங்கிய தொழில்நுட்பம்

இந்தியாவில் தொலையுணர்வு ஆராய்ச்சியின் தொடக்கமே விவசாயத்தில்தான். 1970-ஆம் ஆண்டையொட்டி, கேரளத்தில் தென்னையைத் தாக்கிய வேர் வாடல் நோயைக் கண்டறிய, வானிலிருந்து அகச்சிவப்புப் பிலிமில் தோப்புகளைப் படம் எடுத்தார்கள். அந்த ஆய்வை வழிநடத்திய விஞ்ஞானி பி.ஆர். பிஷரோடி, 'இந்தியத் தொலையுணர்வின் தந்தை' என்று அழைக்கப்படுகிறார். 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகு, நம் நாட்டின் சொந்தப் படங்களே கிடைக்கத் தொடங்கின.

காய்கறி, பழப் பயிர்களுக்கென்று மத்திய அரசு 2014-இல் 'சமன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வாழை, மா, எலுமிச்சை வகைகள், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, மிளகாய் ஆகிய ஏழு பயிர்களின் பரப்பையும் விளைச்சலையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மதிப்பிடுவது அதன் நோக்கம். டெல்லியில் உள்ள மகலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் இதை நடத்தியது. மாவட்ட அளவில் பரப்பைக் கணக்கிடும் வேலை அது. ஒரு விவசாயியின் கத்தரி வயலுக்கு யோசனை சொல்லும் ஏற்பாடு அல்ல. இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது?

நல்ல பச்சை இலை, சூரிய ஒளியில் உள்ள சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொண்டு உணவு தயாரிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அருகு அகச்சிவப்புக் கதிரை அது பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். பயிர் வாடினாலோ, இலை மஞ்சளானாலோ, உதிர்ந்தாலோ இந்தக் கணக்கு மாறும். சிவப்பு கூடுதலாகத் திரும்பி வரும், அகச்சிவப்பு குறையும்.

இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிடுவதுதான் என்.டி.வி.ஐ. எனப்படும் பசுமைக் குறியீடு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண் அது. ஓர் இடத்தில் அகச்சிவப்பு 0.45, சிவப்பு 0.05 என்றால், 0.40-ஐ 0.50-ஆல் வகுக்கக் கிடைப்பது 0.80. அங்கே செழிப்பான பயிர் இருக்கிறது. இன்னோர் இடத்தில் அகச்சிவப்பு 0.30, சிவப்பு 0.15 என்றால் கிடைப்பது 0.33 மட்டுமே.

பொதுவாக எண்களை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

- பூஜ்யத்துக்குக் கீழே: தேங்கிய தண்ணீர்
- 0.1 முதல் 0.2 வரை: வெறும் மண், உழுத நிலம்
- 0.3 முதல் 0.5 வரை: இளம் பயிர், இடைவெளி தெரியும் பயிர், அல்லது பாதிக்கப்பட்ட பயிர்
- 0.6-க்கு மேல்: நிலத்தை மூடி நிற்கும் பச்சை

நன்றாக மூடிய பயிரில் 0.8-ஐத் தாண்டிய பிறகு இந்த எண் அதிகம் ஏறாது. அடர்ந்த வாழைத் தோப்பில் சிறு மாற்றம் இதில் தெரியாமல் போக இதுவே காரணம்.

ஈரக் குறியீடு என்று இன்னொன்றும் உண்டு. இலையிலும் மண்ணிலும் உள்ள நீரின் அளவுக்கு ஏற்ப இது மாறும். பசுமைக் குறியீட்டோடு இதையும் சேர்த்துப் பார்த்தால், பயிர் காய்ச்சலில் இருக்கிறதா, நீர்த் தேக்கத்தில் இருக்கிறதா என்று ஊகிக்க ஓரளவு உதவும்.

உங்கள் வயலின் அளவு போதுமா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. செயற்கைக்கோள் படம் சிறு சிறு சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்தை ஒரு பிக்சல் என்பார்கள். ஒரு பிக்சலுக்குள் இருக்கும் செடி, மண், வரப்பு, நிழல் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் வரும்.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். ஒரு குழி என்பது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர்.

- சென்டினல்-2 (ஐரோப்பா, இலவசம்): 10 மீட்டர் பிக்சல். ஒரு பிக்சலில் சுமார் ஏழரைக் குழி அடங்கும். ஐந்து நாளுக்கு ஒரு படம்.
- லேண்ட்சாட் 8, 9 (அமெரிக்கா, இலவசம்): 30 மீட்டர் பிக்சல். ஒரு பிக்சலிலேயே சுமார் 67 குழி போய்விடும். இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு படம்.
- ரிசோர்ஸ்சாட்-2, 2ஏ (இஸ்ரோ): இதிலுள்ள லிஸ்-4 கேமராவின் பிக்சல் 5.8 மீட்டர், சுமார் இரண்டரைக் குழி. லிஸ்-3 கேமராவில் 23.5 மீட்டர்.

ஒரு மா நிலம் சரியான சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 120 அடி, அதாவது சுமார் 36 மீட்டர். சென்டினல்-2 படத்தில் அது 13 பிக்சலுக்குச் சமம். ஆனால் ஓரத்துப் பிக்சல்களில் வரப்பும் அடுத்தவர் வயலும் கலந்துவிடும். முழுக்க முழுக்க உங்கள் பயிர் மட்டும் உள்ளவை நான்கிலிருந்து ஒன்பது வரைதான் தேறும். நிலம் நீளமாக, 40 அடி அகலத்தில் பட்டையாக இருந்தால், கலப்பில்லாத பிக்சல் ஒரு வரிசை கிடைப்பதே அரிது.

ஆகவே, தொடர்ச்சியாக ஓர் ஏக்கர் அல்லது அதற்கு மேல் ஒரே காய்கறி போட்டிருந்தால் இலவசப் படம் நன்றாகப் பயன்படும். ஒரு மா என்றால் வயலின் பொதுவான போக்கை மட்டும் பார்க்கலாம். நாலு பாத்தி கத்தரி, நாலு பாத்தி வெண்டை, ஓரத்தில் கீரை என்று கலந்து போட்டிருந்தால் செயற்கைக்கோளை நம்ப வேண்டாம். ஒரு முறை சுற்றி வந்தாலே உங்கள் கண்ணுக்கு அதைவிட அதிகம் தெரியும். ஈரக் குறியீட்டுக்கான பிக்சல் 20 மீட்டர் என்பதால் அதற்கு இன்னும் பெரிய வயல் தேவை.

மேகம் மறைக்கும் மாதங்கள்

சென்டினல்-2, லேண்ட்சாட் போன்றவை சூரிய ஒளியில் படம் எடுப்பவை. மேகம் இருந்தால் படத்தில் வெள்ளைதான் தெரியும். டெல்டாவில் இதை மூன்று பருவமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஜனவரி கடைசி முதல் மே வரை: வானம் பெரும்பாலும் தெளிவு. தைப்பட்டம், மாசிப்பட்டம், கோடைக் காய்கறிக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை நல்ல படம் எதிர்பார்க்கலாம். இந்தத் தொழில்நுட்பத்தைப் பழகத் தொடங்க இதுவே ஏற்ற காலம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் வந்து போகும். ஆடிப்பட்டக் காய்கறிக்கு மாதத்தில் இரண்டு, மூன்று நல்ல படம் கிடைத்தாலே பெரிது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழைக் காலம். வாரக்கணக்கில் ஒரு படமும் கிடைக்காமல் போகலாம். பயிருக்கு ஆபத்து அதிகமான இந்தக் காலத்தில்தான் ஒளிப்படச் செயற்கைக்கோள் கைவிடுகிறது.

மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது ரேடார் செயற்கைக்கோள். ஐரோப்பாவின் சென்டினல்-1 அந்த வகை. தன் அலையைத் தானே கீழே அனுப்பி, திரும்பி வருவதை அளப்பதால் இரவு, மழை எதுவும் அதற்குத் தடையில்லை. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளரப் படிப்படியாக வெளுக்கும். இந்த மாற்றத்தைக் கொண்டு நெல் எங்கே, எப்போது நடப்பட்டது என்று கணக்கிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்டவை சேர்ந்து நடத்திய 'ரைஸ்' திட்டம் இந்த அடிப்படையில் அமைந்ததே. ஆசியாவில் 13 இடங்களில் நடந்த அதன் ஆய்வு முடிவுகள் 2014-இல் வெளியாயின. நெல் பரப்பைக் கண்டறிவதில் 85 முதல் 95 சதவீதம் வரை துல்லியம் கிடைத்ததாக அவை தெரிவித்தன.

நெல்லில் கிடைத்த இந்தத் துல்லியத்தைக் காய்கறியில் எதிர்பார்க்கக் கூடாது. நெல் வயல் நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே மாதிரி விரிந்து கிடக்கிறது. தொடக்கத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதால் அடையாளமும் தெளிவு. மூன்று மா வெண்டையில் ரேடார் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். மழைக்காலத்தில் எந்தப் பக்கம் வெள்ளம் தேங்கியிருக்கிறது என்று பார்க்க மட்டும் காய்கறி விவசாயிகளுக்கு அது பயன்படும்.

இலவசமாகப் பார்ப்பது எப்படி?

ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் படங்களைக் 'கோப்பர்நிகஸ் பிரவுசர்' என்ற இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இஸ்ரோவின் 'புவன்' தளத்திலும் பல வரைபடங்கள் உள்ளன. கூகுள் எர்த் படம் தெளிவாக இருந்தாலும் அது மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் பழையது. வயல் எல்லையை அடையாளம் காண மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இன்றைய பயிரை அதில் தேட வேண்டாம்.

1. வருவாய்த் துறையின் இணைய சேவையில் உங்கள் புல எண்ணுக்கான புல வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தெரிந்தால்தான் படத்தில் உங்கள் வயலைப் பிடிக்க முடியும்.
2. கோப்பர்நிகஸ் பிரவுசரில் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். ஆறு, வாய்க்கால், ரோடு, கோயில் குளம் ஆகியவற்றை வைத்து வயலை நெருங்குங்கள்.
3. சென்டினல்-2-ஐத் தேர்ந்தெடுங்கள். மேக அளவை 30 சதவீதத்துக்குள் வையுங்கள். நாட்காட்டியில் படம் உள்ள தேதிகள் தெரியும்.
4. முதலில் இயல்பு நிறப் படத்தைப் பாருங்கள். உங்கள் வயல் மேல் மேகமோ மேக நிழலோ இருந்தால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள்.
5. பிறகு என்.டி.வி.ஐ. படத்துக்கு மாறுங்கள். வயலைச் சுற்றிக் கோடு வரைந்தால், பதிவு செய்த கணக்கில் அந்த வயலின் சராசரி எண் நாள்வாரியாக வரைகோடாகக் கிடைக்கும். பதிவு இலவசம்.
6. எல்லைக் கோட்டை வரப்பிலிருந்து சுமார் 10 மீட்டர் உள்ளே தள்ளி வரையுங்கள். அப்போதுதான் அடுத்த வயல் கலக்காது.
7. இரண்டு தேதிகளை அருகருகே ஒப்பிடுங்கள். ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் தொடக்கத்தில் வீட்டுப் பிள்ளைகளின் உதவியைக் கேட்கலாம். இரண்டு முறை பார்த்தால் பழகிவிடும். செல்போனைவிடக் கணினியில் பார்ப்பது எளிது.

பயிரின் வயதை வைத்துப் படியுங்கள்

0.40 என்ற எண் நல்லதா, கெட்டதா? பயிரின் வயது தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

காய்கறியில் செடிக்குச் செடி இடைவெளி அதிகம். கத்தரி ரகங்களை இரண்டடிக்கு இரண்டடி நடுகிறோம். நட்ட முதல் நான்கு வாரம் வயலில் செடியைவிட மண்தான் அதிகம் தெரியும். அந்தக் காலத்துப் படத்தில் வரும் எண் பெரும்பாலும் மண்ணின் எண். அப்போது செடி பிடிக்காத இடங்களை நடந்து பார்த்துப் போக்கு நடுவதே சரி.

செடி படர்ந்து மண்ணை மூடத் தொடங்கியதிலிருந்து காய்ப்பு உச்சத்தைத் தொடும் வரை படம் மிகவும் பயன்படும். வெண்டையில் இது ஏறக்குறைய 30-ஆம் நாளில் தொடங்கும். இந்தக் கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே வர வேண்டும். எல்லா இடமும் ஏறும்போது ஒரு மூலை மட்டும் நின்றுவிட்டால், அங்கே போய்ப் பாருங்கள்.

பந்தல் காய்கறியில் கொடி பந்தலை மூடும் வரை, கீழே உள்ள களையின் பச்சைதான் படத்தில் தெரியும். மூடிய பிறகு நல்ல தகவல் கிடைக்கும்.

கடைசிப் பறிப்புகளின்போது எண் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து மேலுரம் போட வேண்டாம்.

உங்கள் வயலை ஊரில் வேறு ஒருவரின் வயலோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் வயலுக்குள்ளேயே ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிடுவதே சரியான முறை. ரகம், விதைத்த நாள், தண்ணீர் எல்லாம் ஒன்றாக இருந்தும் ஓர் இடம் மட்டும் வேறுபட்டால், அதற்கு அந்த இடத்தில் ஏதோ காரணம் இருக்கிறது.

வடிவத்தைப் பார்த்துக் காரணத்தைத் தேடுங்கள்

எண்ணைவிட, பாதிப்பின் வடிவம் அதிகம் பேசும். இடத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சோதிக்க வேண்டியவை:

தாழ்வான மூலை அல்லது வரப்போரம்: நீர்த் தேக்கமாக இருக்கலாம். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். குழியில் தண்ணீர் ஊறினால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். வடிகால் எடுப்பதுதான் மருந்து.

நேர்கோடாக, பார் பாராக: பாசனக் குறை அல்லது உரம் இட்டதில் ஏற்றத்தாழ்வு. சொட்டுநீர் போட்டிருந்தால் அந்தப் பக்கத்துக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

திட்டுத் திட்டாக, மெல்லப் பெரிதாகும் வட்டம்: வேரைத் தாக்கும் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். செடியை வேரோடு பிடுங்குங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. கத்தரி, தக்காளி, மிளகாய் பச்சையாக இருக்கும்போதே வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் தொங்கவிடுங்கள். பால் போன்ற திரவம் இழை இழையாக இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய்.

ஒரு பக்கத்தில் தொடங்கி உள்ளே பரவுவது: சாறு உறிஞ்சும் பூச்சிகளும் அவை பரப்பும் நோயும் காரணமாக இருக்கலாம். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் நோய். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

வயல் முழுக்க ஒரே நேரத்தில் இறங்குவது: தண்ணீர்ப் பற்றாக்குறை, சத்துக் குறை, அல்லது பயிரின் வயது. படத்தின் மேல் மெல்லிய மேகம் படர்ந்திருந்தாலும் இப்படித் தெரியும். அடுத்த படம் வரும் வரை பொறுத்துப் பாருங்கள்.

ஆண்டுதோறும் ஒரே இடம்: மண் பிரச்சினை. அந்த இடத்து மண்ணைத் தனியாக எடுத்துக் கார அமில நிலை, உப்பு அளவு இரண்டையும் பரிசோதியுங்கள். பழைய ஆண்டுகளின் படத்தையும் அதே தளத்தில் பார்க்க முடியும் என்பதால், நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் முன்பே இதைக் கவனிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்குக்காக ஒரு வயலை வைத்துக்கொள்வோம். மூன்று மா வெண்டை. 30-ஆம் நாள் படத்தில் வயல் முழுக்க 0.45. 40-ஆம் நாள் மற்ற இடமெல்லாம் 0.62, தென்கிழக்கு மூலை மட்டும் 0.40. நேரில் போனால் அந்த மூலையில் இலை வெளிறி மஞ்சளாக இருக்கிறது.

படத்தை மட்டும் நம்புகிறவர் 'தழைச்சத்துக் குறை' என்று யூரியா இடுவார். இன்னொருவர் 'மஞ்சள் நோய்' என்று வெள்ளை ஈக்கு மருந்து அடிப்பார். இறங்கிக் குழி தோண்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும், பக்கத்து வயலில் கோடை நெல்லுக்குக் கட்டிய தண்ணீர் வரப்பு வழியாக ஊறி வந்து நிற்கிறது என்று. வரப்போரம் ஒரு வடிகால் வெட்டினால் முடிகிற விஷயம் அது. ஊறிக் கிடக்கும் வேருக்கு யூரியா போட்டால் பயன் இல்லை. தழைச்சத்து மிஞ்சினால் சாறு உறிஞ்சும் பூச்சியும் கூடவே வரும்.

மூலையைக் காட்டிக் கொடுத்ததோடு படத்தின் வேலை முடிந்தது. மீதி வேலையைச் செய்தது மண்வெட்டி.

படம் ஏமாற்றும் இடங்கள்

- களையும் பச்சைதான். கோரையும் அருகும் மண்டிய வயலுக்கு நல்ல எண் வரும். களை எடுத்த மறுவாரம் எண் இறங்கினால் பயிர் கெட்டுவிட்டது என்று பொருளல்ல.
- பக்கத்து நெல். சம்பா நிற்கும் வரை அதன் பச்சை உங்கள் ஓரத்துப் பிக்சலைத் தூக்கிக் காட்டும். அறுவடையானதும் உங்கள் ஓரம் திடீரென்று 'காய்ந்துவிடும்'. தை, மாசியில் இந்தக் குழப்பம் டெல்டாவில் சகஜம்.
- மர நிழல். வரப்பில் தென்னையோ தேக்கோ இருந்தால், காலை பத்தரை மணியளவில் கடக்கும் செயற்கைக்கோளின் படத்தில் மேற்குப் பக்கமாக நிழல் விழும். அந்தப் பிக்சல்களை விட்டுவிடுங்கள்.
- மேக நிழல். மேகம் வேறு இடத்தில் இருக்கும். அதன் நிழல் உங்கள் வயலில் விழும்.
- ஒரு பிக்சல் மாற்றம். படம் பொருந்துவதிலும் செல்போன் ஜி.பி.எஸ்.-இலும் சில மீட்டர் பிசகு உண்டு. ஒற்றைப் பிக்சலுக்காக அலைய வேண்டாம். சேர்ந்தாற்போல் மூன்று, நான்கு பிக்சல் மாறினால் கவனியுங்கள்.

செயற்கைக்கோள் பார்க்கவே முடியாதவை

கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பான் புழு செடிக்கும் காய்க்கும் உள்ளே இருக்கிறது. நுனிக் குருத்து வாடித் தொங்குவதை நேரில்தான் பார்க்க முடியும். படத்தில் தெரியும்போது காய் பாதி போயிருக்கும். அசுவினி, இலைப்பேன், சிலந்திப் பேன் ஆகியவற்றின் தொடக்கத் தாக்குதல், காயின் தரம், பூ உதிர்வு என எதுவும் 10 மீட்டர் பிக்சலில் தெரியாது. இதற்கெல்லாம் வாரம் இரு முறை வயல் சுற்றுவதும், இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டும் பொறி வைப்பதும்தான் வழி.

ட்ரோன் படம்

ட்ரோனில் பொருத்திய பல்நிறமாலைக் கேமராவால் ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகப் பார்க்கலாம். மேகத்துக்குக் கீழே பறப்பதால் மழை விட்ட நேரத்தில் படம் எடுத்துவிடலாம். தனி ஒருவருக்குச் செலவு அதிகம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகப் பத்து இருபது பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகலாம். சாதாரணக் கேமரா ட்ரோன் எடுப்பது அழகான படம் மட்டுமே. பசுமைக் குறியீடு கணக்கிட அகச்சிவப்பு பதியும் கேமரா வேண்டும் என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதை மறக்க வேண்டாம். அதைச் சுற்றியுள்ள பகுதிகளில் ட்ரோன் பறக்கக் கட்டுப்பாடு உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே ட்ரோனை அழையுங்கள்.

பயிர்க் காப்பீட்டில் இதன் இடம்

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விளைச்சலை மதிப்பிட 'யெஸ்-டெக்' என்ற முறை 2023 காரிஃப் பருவத்திலிருந்து நெல், கோதுமைக்குக் கொண்டுவரப்பட்டது. பயிர் அறுவடைப் பரிசோதனையோடு, தொலையுணர்வு வழி மதிப்பீட்டுக்கும் 30 சதவீத எடை தரப்படுகிறது. இதை நடைமுறைப்படுத்தும் மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. ஆகவே நெல் விவசாயிக்கு, தான் பார்க்காவிட்டாலும் தன் வயலைச் செயற்கைக்கோள் பார்க்கிறது.

காய்கறி விவசாயிகள் இதை நம்பி இருந்துவிடக் கூடாது. நீங்கள் எடுத்து வைத்த படம், இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு மாற்றாகாது. காப்பீடு செய்த பயிருக்கு, திட்டத்தில் சொல்லப்பட்ட உள்ளூர் இயற்கை இடரால் பாதிப்பு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. படம் வரட்டும் என்று ஐந்து நாள் காத்திருந்தால் அந்தக் கெடு போய்விடும். முதலில் தகவல் கொடுங்கள். தேதி, இடம் பதிவாகும் செல்போன் படம் எடுங்கள். பிறகு செயற்கைக்கோள் படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

செயலியோ நிறுவனமோ சந்தா கேட்டால் இவற்றைக் கேளுங்கள்:

- எந்தச் செயற்கைக்கோள்? பிக்சல் எத்தனை மீட்டர்? இலவசப் படத்தையே விற்கிறீர்களா?
- ஐப்பசி, கார்த்திகையில் மேகம் இருந்தால் என்ன தருவீர்கள்?
- படம் எடுத்த தேதியைக் காட்டுவீர்களா?
- பாதிப்பு தெரிந்தால் வயலுக்கு யார் வந்து பார்ப்பார்கள்?
- வயலைப் பார்க்காமலே மருந்து பரிந்துரைப்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

வாரந்தோறும் செய்ய வேண்டியது

1. ஐந்து நாளுக்கு ஒரு முறை புதிய படம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் போதும்.
2. முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, பின்தங்கிய இடத்தைப் புல வரைபடத்தில் குறியுங்கள்.
3. அன்றோ மறுநாளோ காலையில் அந்த இடத்தில் ஐந்து செடி, நன்றாக உள்ள இடத்தில் ஐந்து செடி பாருங்கள். இலையின் மேல், கீழ், தண்டு, வேர், மண் ஈரம் ஐந்தையும் சோதியுங்கள்.
4. தேதி, எண், பார்த்தது, செய்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு பருவம் எழுதினால் உங்கள் வயலின் குணம் அதில் தெரிந்துவிடும்.
5. காரணம் புரியாவிட்டால், பாதித்த செடியையும் படத்தையும் எடுத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகுங்கள். ஈச்சங்கோட்டை வேளாண்மைக் கல்லூரி, நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் ஆலோசனை கேட்கலாம். கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண்: 1800-180-1551.

பத்து ஏக்கரைச் சுற்றி வர நேரமில்லாதவருக்கு, இன்று எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு இந்தப் படங்கள் வந்துவிட்டன. காசில்லாமல் கிடைக்கும் அந்தத் தகவலைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மருந்தையும் உரத்தையும் மட்டும், செடியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.